டியர் என்றால் விலை அதிகம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஆங்கில அகராதியில் ‘டியர்’ என்னும் சொல்லுக்குப் பொருள் தேடினால் இரண்டு பொருள்கள் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். ஒன்று, அன்புக்குரிய. மற்றொன்று, விலை உயர்ந்த. கடிதத்தின் தலையில் நின்று நலம் விசாரிப்பதும் இச்சொல்லே. கடைத்தெருவில் ‘நமக்குக் கட்டுப்படியாகாது’ என்று நம்மைத் திருப்பி அனுப்புவதும் இச்சொல்லே.

எங்கள் வீட்டுக்குள் முதலில் நுழைந்தது அதன் இரண்டாவது பொருள்தான். என் தந்தையார் நூற்பாலைத் தொழிலாளி; ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவருடைய சம்பளச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்வது, நான் பள்ளியில் ஆங்கிலம் கற்கத் தொடங்கிய நாள் முதல் என் வேலை. அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே ‘டியர்னஸ் அலவன்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். ஆலையில் அதற்குப் பஞ்சப்படி என்று பெயர். பஞ்சாலைக்காரர்களுக்குத் தருவதால்தான் அது பஞ்சப்படி என்று வேடிக்கையாகவும் சொல்லிக்கொள்வார்கள். அரசு அலுவலகங்களில் அகவிலைப்படி என்பர். அகவிலை என்றால் தானியத்தின் விலை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவுப் பொருள்களின் விலை ஏறியபோது, அதை ஈடுசெய்யக் கொடுக்கப்பட்ட தொகைக்கு முதலில் ‘டியர் ஃபுட் அலவன்ஸ்’ என்றே பெயர் இருந்தது. ஆகவே அகவிலை என்றும், பஞ்சம் என்றும் நம்மவர்கள் மொழிபெயர்த்தது மிகவும் பொருத்தம். ஆங்கிலத்திலேயே பஞ்சத்தைக் குறிக்கும் ‘டெர்த்’ என்ற பழஞ்சொல் ‘டியர்’ என்பதிலிருந்து பிறந்ததுதான். பண்டம் அரிதானால் விலை ஏறும். விலை ஏறினால் பஞ்சம்.

அன்பு இதற்குள் எப்படி வந்தது என்று கேட்கலாம். அது பின்னால் வந்து சேர்ந்ததன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்திலேயே அச்சொல்லுக்கு மதிப்பு மிக்கது, விலை மிக்கது, நேசத்துக்குரியது ஆகிய பொருள்கள் சேர்ந்தே இருந்தன. அதன் உறவுச் சொல்லாகிய ‘டாயர்’ இன்றும் ஜெர்மன் மொழியில் விலை உயர்ந்தது என்னும் பொருளில் வழங்குகிறது. எது அரிதோ அது விலை மிக்கது. எது விலை மிக்கதோ அதை இழக்க மனம் வராது. இந்த எண்ணம் நமக்கும் புதிதன்று. ‘அருமை மகன்’ என்று நாம் சொல்லும்போது, அந்த அருமையும் ‘அரிது’ என்பதன் வழி வந்ததே அன்றோ? ‘டார்லிங்’ என்ற சொல்லும் வேறு எங்கிருந்தோ வந்ததன்று. ‘டியர்’ என்பதோடு, சிறுமையையும் செல்லத்தையும் காட்டும் ‘லிங்’ என்ற விகுதி சேர்ந்து உருவானது. வாத்துக்குஞ்சைக் குறிக்கும் ‘டக்லிங்’ என்பதில் உள்ள அதே விகுதி.

இத்தனை விலை மதிப்புள்ள சொல்லைத்தான் நாம் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் எழுதும் விண்ணப்பங்களில் ‘டியர் சார்’ என்று செலவழிக்கிறோம். அங்கே அதில் அன்பும் இல்லை, விலையும் இல்லை, வெறும் வாசற்படி. ஆனால் அந்த வாசற்படியிலும் ஒரு காலத்தில் நுட்பமான அளவுகள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ‘மை’ என்ற சிறு சொல்லை முன்னால் சேர்த்து ‘மை டியர்’ என்று எழுதினால் இங்கிலாந்தில் நெருக்கம் கூடியதாகப் பொருள். அமெரிக்காவிலோ அதே ‘மை’ சேர்ந்தால் நெருக்கம் குறைந்து, மரியாதையான தூரம் ஏற்பட்டதாகப் பொருள். ஒரே மொழி பேசும் இரு நாட்டார், ஒரே கடிதத்தைப் படித்து நேர்மாறாக உணர்ந்திருக்கக் கூடும். அகராதி இதை எல்லாம் சொல்லாது.

இனிப்புச் சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேன் என்னும் ‘ஹனி’ பதினான்காம் நூற்றாண்டிலேயே அன்புச் சொல்லாகிவிட்டது. ‘ஷுகர்’ பின்னால் வந்தது. அச்சொல் நம் நாட்டிலிருந்து சென்ற பயணி என்பது மட்டும் குறிக்கத் தக்கது. வடமொழியின் ‘சர்க்கரா’ பாரசீகம், அரபு, பிரெஞ்சு ஆகியவற்றின் வழியே ஆங்கிலத்தை அடைந்தது. வடமொழியில் அதன் தொடக்கப் பொருள் பரல், சரளைக்கல் என்பதாம். சரளைக்கல்லாகப் புறப்பட்ட சொல் அமெரிக்காவில் காதலியை அழைக்கும் சொல்லாகி, மீண்டும் நம் ஊருக்கு வந்தபோது நீரிழிவு நோயின் பெயராகிவிட்டது. ‘எனக்கு ஷுகர்’ என்று நம் தெருப் பெரியவர்கள் சொல்லும்போது அதில் கொஞ்சல் எதுவும் இல்லை என்பதை யாவரும் அறிவர்.

விலங்கியல் மாணவருக்குச் சுவையானவை பிற சொற்கள்.

கூட்டுப்புழுப் பருவத்தை நாம் ‘பியூப்பா’ என்று எழுதி, படம் வரைந்து, பாகங்களைக் குறிக்கிறோம். இலத்தீனில் அச்சொல்லுக்குச் சிறுமி என்றும் பொம்மை என்றும் பொருள். துணியில் சுற்றிய பொம்மை போலக் கிடக்கும் அப்பருவத்துக்கு அப்பெயரை இட்டவர் லின்னேயஸ். இங்கிலாந்தில் தாய்மார்கள் குழந்தையைக் கொஞ்சும் ‘பாப்பெட்’ என்னும் சொல்லுக்கும் வேர் அதுவே. கயிற்றில் ஆடும் பொம்மையாகிய ‘பப்பெட்’ அதன் உடன்பிறப்பு. அந்தப் பொம்மையைப் போலத் தொலைவிலிருந்து இயக்கப்பட்டு மேலும் கீழும் போய் வருவதால், மோட்டார் எஞ்சினில் உள்ள ஒரு வகை வால்வுக்கும் ‘பாப்பெட் வால்வு’ என்று பெயர் வந்தது. இயற்பியல் துறை நண்பர்கள் அடுத்த முறை எஞ்சின் படம் வரையும்போது அதில் ஒரு செல்லக் குழந்தை ஒளிந்திருப்பதை நினைவிற் கொள்க.

இதனினும் வியப்பானது கண்ணைப் பற்றியது. கண்ணின் நடுவே உள்ள துவாரத்தை ஆங்கிலத்தில் ‘பியூப்பில்’ என்கிறோம். அதுவும் அதே இலத்தீன் சொல்லின் சிறு வடிவம். சின்னஞ்சிறு பொம்மை என்று பொருள். எதிரில் நிற்பவருடைய கண்ணை நெருங்கிப் பார்த்தால் நம்முடைய உருவமே அங்கே ஒரு சிறிய பொம்மையாகத் தெரியும். அதனால் வந்த பெயர். இப்போது நம் மொழிக்கு வருவோம். தமிழில் பொம்மைக்குப் பாவை என்று பெயர். பெண்ணுக்கும் பாவை என்று பெயர். கண்ணின் கருமணியில் தெரிவதற்கும் பாவை என்றே பெயர். திருக்குறளின் காமத்துப்பாலிலும் இப்பொருளில் இச்சொல் வருகிறது. உரோமாபுரியாரும் தமிழரும் ஒருவரை ஒருவர் கேட்டு இப்பெயரை இடவில்லை. அன்புள்ளவரின் கண்ணை மிக அருகில் பார்த்த எவருக்கும் தோன்றக்கூடியது இது. ஆய்வுக்கூடத்தில் ஆட்டுக்கண்ணை அறுத்து அந்தத் துவாரத்தைத் தேடும்போது இவ்வளவும் நினைவுக்கு வருவதில்லை என்பது வேறு செய்தி.

பொம்மை என்றதும் ‘டால்’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். அது முதலில் பொம்மையைக் குறிக்கவே இல்லை. டாரதி என்ற பெண் பெயரின் செல்லச் சுருக்கம் அது. ஆங்கிலேயர் பெயர்களைச் சுருக்கும்போது ரகரத்தை லகரமாக்கும் பழக்கம் உடையவர்கள். மேரி ‘மால்’ ஆவாள். சாரா ‘சாலி’ ஆவாள். குழந்தைகளைப் போல நாக்கைத் தளர்த்திப் பேசும் பேச்சு என்று கொள்ளலாம். பொம்மைக்கு அப்பெயர் வந்தது 1700ஆம் ஆண்டை ஒட்டித்தான்.

இனி வாத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நாட்டிங்ஹாம், டெர்பி, ஸ்டோக் ஆகிய ஊர்களில் கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், முன்பின் அறியாத பெரியவர் எல்லோரும் எதிரில் வருபவரை ‘மை டக்’ என்று அழைப்பது வழக்கம். ஆணையும் அழைப்பார்கள், பெண்ணையும் அழைப்பார்கள். ‘டியூக்’ என்ற பிரபுப் பட்டத்திலிருந்து இது வந்தது என்று அவ்வூரார் பெருமையாகச் சொல்வதுண்டு. அதற்குத் தக்க சான்று இல்லை. ஷேக்ஸ்பியர் நாடகத்திலேயே பறவையின் பெயர் கொஞ்சும் சொல்லாக வந்திருக்க, பிரபுவைத் தேடிப் போவானேன்? நம் மைதானத்தில் இச்சொல்லுக்குப் பொருள் வேறு. பூஜ்யத்தின் வடிவம் வாத்து முட்டையைப் போல இருப்பதால், ஓட்டம் எடுக்காமல் ஆட்டமிழப்பது ‘டக்’ ஆயிற்று.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பெண்ணைப் பெட்டைக்கோழி என்று பொருள்படும் ‘ஹென்’ என்றே அன்பாக அழைப்பார்கள். வடக்கே லங்காஷயரில் கோழிக்குஞ்சு ‘சக்’ ஆகிவிடும். மாக்பெத் தன் மனைவியை இச்சொல்லால்தான் அழைக்கிறான், அதுவும் எப்பொழுது? நண்பன் பாங்க்வோவைக் கொல்ல ஆள் அனுப்பிவிட்டு, அச்செய்தியை அவளிடமிருந்து மறைக்கும்போது. கொஞ்சும் சொல் சில நேரம் பானையின் மூடியாகவும் பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

நியூகாசில் நகரத்துச் சொல் ‘ஹின்னி’. விலங்கியல் நூலில் இதைத் தேடினால் ஆண்குதிரைக்கும் பெண்கழுதைக்கும் பிறக்கும் கலப்பினம் என்று இருக்கும். குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62, ஹின்னிக்கு 63. அநேகமாக மலடாகவே இருக்கும். ஆனால் நியூகாசில் பாட்டி பேரனை ஹின்னி என்று அழைக்கும்போது அந்தப் பிராணிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தேனாகிய ‘ஹனி’தான் அவ்வூர் உச்சரிப்பில் அப்படி ஆயிற்று. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, வேர் இரண்டு. யார்க்‌ஷயரில் ஆண்கள் ஆண்களையே ‘லவ்’ என்பார்கள். பிரிஸ்டல் பக்கம் காய்கறிக் கடைப் பெண்மணி உங்களை ‘மை லவர்’ என்று அழைத்தால், சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இதை எல்லாம் வேடிக்கை என்று விட்டுவிடலாமா? என் பெரியப்பா மகள், எங்கள் குடும்பத்தில் வெளிநாடு சென்ற முதல் ஆள், செவிலியர் பட்டம் பெற்று இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். அங்கே பதிவு பெற வேண்டுமென்றால் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். அக்கா தேர்வில் தேறித்தான் சென்றார். ஆனால் சென்ற முதல் வாரமே, படுக்கையில் இருந்த முதியவர் ஒருவர் அவரை ‘டக்’ என்று அழைத்திருக்கிறார். நிறத்தையோ நடையையோ கேலி செய்கிறார் என்று எண்ணி அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. உடன் வேலை செய்த மூத்த செவிலியர்தான், “அவர் உன்னைத் தம் ஊர்க்காரியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்” என்று விளக்கினாராம்.

அதே வார்டில் இதன் மறுபக்கமும் நடந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். அவருக்கு மாத்திரை கொடுக்கும்போது அக்கா மிகுந்த பரிவோடு ‘டியர்’ என்றார். அந்த அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, அட்டையில் எழுதியும் இருக்கிறது” என்றாராம். குரலில் கோபம் இல்லை. ஆனால் மாத்திரையை வாங்கவும் இல்லை. பெயரோடு அழைத்த பிறகுதான் வாங்கினார்.

இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டும். நம் மருத்துவமனைகளில் செவிலியர் ‘பாட்டி’ என்றும் ‘ஐயா’ என்றும் ‘அம்மா’ என்றும் நோயாளியை அழைத்தால், அவர் பெயர் மறைந்தாலும் மதிப்பு மறைவதில்லை. உறவுமுறைச் சொல் அவரை மேலே உட்கார வைக்கிறது. ‘டியர்’, ‘ஸ்வீட்டி’ போன்ற ஆங்கிலச் சொற்களுக்கு அந்தப் படிக்கட்டு இல்லை. அவை சமமானவரிடையே ஓடும்; பெரியவர் சிறியவரிடம் சொல்ல இறங்கும்; கீழிருந்து மேலே ஏறுவது அரிது. ஆகவே நோயாளியான முதியவரிடம் அவற்றைச் சொன்னால், ‘நீ குழந்தை ஆகிவிட்டாய்’ என்று சொல்வது போல ஆகிவிடும். முதியோரிடம் இப்படிக் குழந்தையிடம் பேசுவது போலப் பேசும் பேச்சுக்கு ஆய்வாளர்கள் ‘எல்டர்ஸ்பீக்’ என்றே ஒரு பெயர் இட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறதி நோய் உள்ள முதியோர் இல்லவாசிகளைக் கவனித்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பணியாளர்கள் இவ்வாறு கொஞ்சிப் பேசும்போது, சாதாரணமாகப் பேசுவதைவிட, முதியோர் பராமரிப்புக்கு இணங்காமல் எதிர்ப்புக் காட்டுவது அதிகமாக இருந்தது. நினைவு தவறியவருக்கும் தம்மை யாரோ கீழே இறக்குவது தெரிகிறது.

அந்த முதியவரின் ‘டக்’ ஏன் இனித்தது, அக்காவின் ‘டியர்’ ஏன் கசந்தது என்பதற்கு நான் கண்ட விளக்கம் ஒன்றே. அந்த ஊரில் ‘டக்’ என்பவரை நீங்களும் திரும்ப ‘டக்’ எனலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். திருப்பிச் சொல்ல முடிந்த சொல் செல்லச் சொல். திருப்பிச் சொல்ல முடியாத இடத்தில் அதுவே அதிகாரச் சொல். நம் ‘டா’வும் இப்படித்தான். தோழன் ‘வாடா’ என்றால் நாமும் ‘வாடா’ என்போம். நிலக்காரர் என் பாட்டனாரை ‘வாடா’ என்றபோது பாட்டனார் அப்படித் திருப்பிச் சொல்லியிருக்க முடியுமா?

பெரிய மன்றங்களிலும் இதே வழக்குத்தான். 2011 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், பிரதமர் டேவிட் கேமரன் எதிர்க்கட்சி உறுப்பினர் ஆஞ்சலா ஈகிள் அவர்களை நோக்கி, ‘காம் டவுன், டியர்’ என்று சொன்னார். தொலைக்காட்சியில் வந்த ஒரு காப்பீட்டு விளம்பரத்தின் வாசகம் அது. வேடிக்கைக்குச் சொன்னது என்று அவர் தரப்பில் கூறப்பட்டது. ஆனால் சபையிலும் நாட்டிலும் கண்டனம் எழுந்தது. விவாதத்தில் எதிர்வாதம் செய்யும் ஒருவரை ‘டியர்’ என்றால், அவருடைய வாதத்துக்குப் பதில் சொல்லாமலே அவரைச் சிறுபிள்ளை ஆக்கிவிடலாம் அல்லவா? அமெரிக்காவில் பெண் வழக்கறிஞர்கள் நெடுங்காலமாக இதையே முறையிட்டு வந்தார்கள். நீதிமன்றத்திலேயே தம்மை ‘ஹனி’ என்றும் ‘டார்லிங்’ என்றும் எதிர்த்தரப்பு வக்கீல் அழைக்கிறார் என்று. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2016 ஆகஸ்டில், தொழில் தொடர்பான இடங்களில் பாகுபாடும் தொல்லையும் கூடாது என்று தன் மாதிரி நடத்தை விதிகளில் சேர்த்தபோது, இந்த முறையீடும் அதற்குப் பின்னால் இருந்தது.

சில சொற்கள் இந்தச் சரிவில் ஒரேயடியாக உருண்டுவிட்டன. ‘மினியன்’ என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து செல்லப்பிள்ளை என்னும் பொருளில் வந்து, பெரிய மனிதரின் செல்லப்பிள்ளை ஆகி, பின் எடுபிடி ஆகிவிட்டது. இன்று குழந்தைகளுக்கு அது திரைப்படத்தில் குதிக்கும் மஞ்சள் உருவம். ‘புல்லி’யின் கதை இன்னும் கொடிது. 1530களில் அது ஆண் பெண் இருபாலாரையும் குறித்த காதற்சொல். டச்சு மொழியில் காதலரைக் குறித்த சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பர். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நெசவாளி பாட்டமை அவன் தோழன் அச்சொல் சேர்த்துத்தான் பாராட்டி அழைக்கிறான். அடுத்த நூறு ஆண்டுக்குள் அது வீண் ஜம்பம் அடிப்பவனுக்கும், பிறகு எளியவரை மிரட்டுபவனுக்கும் பெயராகிவிட்டது. கல்லூரியில் முதலாண்டு மாணவரை மூத்தவர் ‘வாங்க செல்லம்’ என்று அழைப்பதைக் கேட்டவர்களுக்கு, இந்த மாற்றம் எப்படி நடந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

விலையில் தொடங்கினேன், ஒரு செல்லச் சொல்லை நிஜமாகவே ஒருவர் தமக்கு உடைமையாக்கிக்கொள்ள முயன்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து உழைக்கும் மக்களிடையே ‘ஹனி’ தேய்ந்து ‘ஹான்’ ஆயிற்று. உணவகத்தில் தட்டு வைக்கும் பெண்ணும், பேருந்தில் பக்கத்தில் அமர்பவரும் சொல்லும் சொல் அது. ஹாம்ப்டன் என்னும் பகுதியில் 1994 முதல் அச்சொல்லின் பெயராலேயே ஒரு திருவிழாவும் நடந்து வந்தது. அதை நடத்திவந்த உணவக உரிமையாளர் ‘ஹான்’ என்ற சொல்லைத் தம் வணிகச் சின்னமாகப் பதிவு செய்திருந்தார் என்ற செய்தி 2010இன் இறுதியில் வெளிவந்தது. ஊரார் கொதித்துவிட்டார்கள். அவருடைய கடை வாசலிலேயே எதிர்ப்புக் காட்டினார்கள்; வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். எங்கள் பாட்டிமார் எவரிடமும் காசு கேட்காமல் சொன்ன சொல் அது என்பதே அவர்களுடைய வாதம். மறு ஆண்டு, 2011இல், அந்த அம்மையார் ஊராரிடம் மன்னிப்புக் கேட்டு, அச்சொல்லின் மீதிருந்த உரிமையைக் கைவிட்டார்.